மல்லாந்தா, குப்புறவா? – ஒரு புகழ்பெற்ற நூலும் அதிலுள்ள ஓர் அறிவுரையும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெல்லிய அட்டை, விலை 25 சென்ட். ஆசிரியர் 1998இல் காலமானபோது அந்நூல் ஏறத்தாழ ஐந்து கோடிப் படிகள் விற்றிருந்தது. சுமார் நாற்பது மொழிகளில் பெயர்க்கப்பட்டும் இருந்தது. சென்ற நூற்றாண்டில் இத்தனை வீடுகளுக்குள் நுழைந்த மருத்துவ நூல் இன்னொன்றைச் சொல்வது கடினம். அந்நூலைப் பற்றிய ஒரு மதிப்பீடே இக்கட்டுரை.

"இயற்பியல் சொல்லித் தருபவருக்குத் தொட்டிலருகே என்ன வேலை?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவம் என் துறையன்று. ஆனால் ஒரு கூற்றை எப்போது நம்பலாம், எப்போது நம்புவதற்குமுன் சற்று நிற்க வேண்டும் என்பதை ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் சொல்லித் தருவது என் அன்றாடத் தொழில். அந்த ஓர் அளவுகோலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இந்நூலைப் பார்ப்போம்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பாக்குக்கு முன்பு மேலை நாட்டுத் தாய்மாருக்குக் கிடைத்த அறிவுரைகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால்தான் அது விளங்கும். ஜான் வாட்சன் என்ற உளவியல் அறிஞர் 1928இல் எழுதிய நூலில், குழந்தையை அணைத்து முத்தமிடுவது அதைக் கெடுத்துவிடும் என்றும், காலையில் கை குலுக்கினால் போதும் என்றும் கூறினார்! நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் பாலூட்டலைக் கடிகாரத்திடம் ஒப்படைத்தார். நான்கு மணிக்கு ஒருமுறைதான் பால், இரவில் இல்லை, குழந்தை அழுதாலும் அசையக் கூடாது. இந்தப் பட்டாளத்து ஒழுங்கை ஒரே வீச்சில் தள்ளிவிட்டவர் ஸ்பாக். உனக்குத் தெரிந்தது நீ நினைப்பதைவிட அதிகம், உன் அறிவை நீயே நம்பு என்ற கருத்தோடு அவர் நூலைத் தொடங்கினார். பசித்தால் பால் கொடு, அழுதால் எடுத்துக்கொள் என்றார். எழுத்து நடையோ, பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்றது. பயமுறுத்தல் இல்லை, மேதாவித்தனம் இல்லை. தமிழில் மருத்துவம் எழுதுவோர் அந்த நடைக்காகவே இந்நூலை ஒருமுறை படிக்கலாம்.

இத்தகைய நல்ல நூலில்தான், 1958ஆம் ஆண்டுப் பதிப்பில், குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது என்ற பகுதி வருகிறது. அதன் சாரம் இதுதான். மல்லாந்து படுத்தால் இரண்டு தீமைகள். ஒன்று, குழந்தை பாலைக் கக்கினால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, தலையை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வதால் மண்டை ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஆகவே முதலிலிருந்தே குப்புறப் படுத்துத் தூங்கப் பழக்குவது மேல்.

வாசகரே, இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? காரணம் பொருத்தமாகத்தான் படுகிறது, இல்லையா? கக்கிய பால் வாயிலிருந்து கீழே வழிந்து போகட்டும் என்பது யாருக்கும் ஒப்புக்கொள்ளத் தோன்றும் வாதம். நினைவிழந்து கிடப்பவரை ஒருக்களித்துக் கிடத்துவது முதலுதவியில் உள்ள பழக்கமே. மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தினால் அவற்றின் குருதியில் ஆக்சிஜன் கூடுவதையும் மருத்துவமனைகளில் கண்டிருந்தார்கள். இத்தனையும் சேர்ந்து குப்புறப் படுக்கைக்கு ஒரு மரியாதையைத் தந்துவிட்டன. அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் மருத்துவர்களும் செவிலியரும் அதையே சொல்லத் தொடங்கினர். 1992இல்கூட அமெரிக்கக் குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டன.

இப்போது அதே புவியீர்ப்பை வைத்து வேறொரு வாதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். கழுத்தினுள் இரண்டு குழாய்கள் உள்ளன. முன்புறம் மூச்சுக் குழாய். அதற்குப் பின்புறம் உணவுக் குழாய். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக் குழாய் மேலேயும் உணவுக் குழாய் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் பால், மூச்சுக் குழாயில் நுழைய வேண்டுமானால் ஈர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். உணவுக் குழாய் மேலே, மூச்சுக் குழாய் கீழே. எதுக்களித்த பால் மூச்சுக் குழாயின் வாயருகே வந்து தேங்குவதற்கு வசதி. அப்படியானால் மல்லாந்து படுப்பதுதானே மேல்?

ஆக, ஈர்ப்பு விசை ஒன்று, அதை வைத்து இரண்டு வாதங்கள், முடிவுகளோ எதிரெதிர். எது சரி? இயற்பியல் மாணவருக்கு இதில் வியப்பொன்றும் இராது. வாதம் அழகாக இருப்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. அளந்து பார், எண்ணிப் பார் என்பதுதான் விடை. குழந்தையின் படுக்கை விஷயத்தில் எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: எப்படிப் படுத்த குழந்தைகளில் எத்தனை இறந்தன?

எண்ணியவர்கள் இல்லாமல் இல்லை. நோய் ஏதும் இல்லாத குழந்தை, இரவு தூங்க வைத்தது, காலையில் தொட்டிலில் இறந்து கிடக்கும். காரணம் தெரியாத இவ்வகை மரணத்தைத் 'தொட்டில் மரணம்' என்று அழைத்தனர். நியூயார்க்கில் தூக்கத்தில் மூச்சடைத்து இறந்ததாகக் கருதப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த ஹரால்டு ஆப்ராம்சன், அவற்றில் பெரும்பாலானவை குப்புறக் கிடந்தன என்பதை 1944இலேயே எழுதியிருந்தார். அதாவது ஸ்பாக்கின் நூல் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பு. 1965இல் பிரிட்டனிலிருந்தும் அதே திசையைக் காட்டும் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி இதழில், தனித்தனி மூலையில் கிடந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

2005ஆம் ஆண்டில்தான் லண்டனைச் சேர்ந்த ரூத் கில்பர்ட்டும் அவருடைய துணைவர்களும் அந்த வேலையைச் செய்தனர். பழைய ஆய்வுகள் அனைத்தையும் தேடியெடுத்துக் கால வரிசையில் அடுக்கிக் கூட்டிப் பார்த்தார்கள். 1970க்குள் வெளிவந்திருந்த ஆய்வுகளை மட்டும் கூட்டினாலே, மல்லாந்து படுத்த குழந்தையைவிடக் குப்புறப் படுத்த குழந்தைக்குத் தொட்டில் மரண ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. அந்த ஆண்டிலேயே யாராவது இக்கூட்டலைச் செய்து அறிவுரையை மாற்றியிருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளை எல்லாம் சேர்த்தால் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

ஐம்பதாயிரம் குழந்தைகள்! தீய எண்ணம் உடைய எவரும் இதில் இல்லை. ஸ்பாக் குழந்தைகளை உயிராக நேசித்தவர். வியட்நாம் போரை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவர். தாய்மாரும் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்களே. அறிவுரையைக் கேட்காத தாயின் குழந்தை பிழைத்தது. கேட்டு நடந்த தாயின் குழந்தைக்கு ஆபத்து கூடியது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

நெதர்லாந்தில் 1987இலும், பிரிட்டனில் 1991இலும் 'மல்லாத்திப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. 1994இல் நாடு முழுதும் இயக்கமாக நடத்தினர். 70 சதவீதமாக இருந்த குப்புறப் படுக்கை 1996இல் 24 சதவீதமாக இறங்கிற்று. தொட்டில் மரணம் 1992இல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 என்றிருந்தது, 2001இல் 0.56 ஆயிற்று. இக்குறைவில் ஒரு சிறு பகுதி, மரணச் சான்றில் காரணத்தை வேறு பெயரில் எழுதத் தொடங்கியதால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மருந்து இல்லை, கருவி இல்லை, செலவு ஒரு காசு இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டதற்கே இவ்வளவு பலன். ஸ்பாக் அஞ்சியபடி பால் அடைத்துச் சாகும் குழந்தைகள் கூடினவா? கூடவில்லை. மண்டை தட்டையாவது மட்டும் ஓரளவு கூடியது உண்மை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வளர வளரச் சரியாகிவிடும். விழித்திருக்கும் வேளையில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுவதே அதற்குப் பரிகாரம்.

அனுபவம் ஏன் காப்பாற்றவில்லை?

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்களுக்கு, தம் அறிவுரை தீங்கு செய்கிறது என்பது முப்பதாண்டுக் காலம் ஏன் கண்ணில் படவில்லை? கணக்கு எளிது. விளக்கத்துக்காக, மல்லாந்து படுக்கும் குழந்தைகளில் 2,000க்கு ஒன்றும், குப்புறப் படுப்பவற்றில் அதன் மூன்று மடங்காக 2,000க்கு மூன்றும் இறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 100 புதிய குழந்தைகளைப் பார்க்கிறார். பத்தாண்டில் 1,000 குழந்தைகள். எல்லோரையும் மல்லாத்தச் சொன்னால் அவர் எதிர்பார்க்க வேண்டியது அரை மரணம். எல்லோரையும் குப்புறப் போடச் சொன்னால் ஒன்றரை மரணம். பத்தாண்டில் ஒரே ஒரு மரணம் அதிகம்! அதை எப்படி ஒரு மனிதர் உணர முடியும்?

கெய்கர் எண்ணியை வைத்துக் கதிரியக்கத் துகள்களை எண்ணிய மாணவருக்கு இது நன்கு பழக்கமான தொல்லை. ஒரு நிமிடத்தில் நான்கைந்து துகள்களே வரும்போது, அடுத்த நிமிடத்தில் இரண்டும் வரலாம், எட்டும் வரலாம். அதைக் கண்டு மூலத்தின் வலிமை மாறிவிட்டது என்று எவரும் எழுதுவதில்லை. அரிய நிகழ்ச்சிகள் தற்செயலாகக் கூடியும் குறைந்தும் வருவதற்கான பாய்சான் விதியை மேற்சொன்ன மருத்துவருக்குப் பொருத்திப் பாருங்கள். குப்புறப் படுக்கச் சொன்ன மருத்துவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ 22 பேர், பத்தாண்டில் ஒரு தொட்டில் மரணத்தைக்கூடக் காணமாட்டார்கள். அவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்கள்: "என் அனுபவத்தில் இந்த முறையால் ஒரு கெடுதலும் வந்ததில்லை." அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அதற்குச் சான்று மதிப்பும் இல்லை. நூறு மருத்துவர்களின் ஏடுகளைக் கூட்டினால் மட்டுமே உண்மை வெளியே வரும்.

இன்னொரு பொறியும் உண்டு. குப்புறப் படுத்த குழந்தை அதிக நேரம், ஆழ்ந்து தூங்குகிறது. தாய் கண்ணால் காண்பது அதைத்தான். ஆகவே அறிவுரை பலித்துவிட்டது என்று மகிழ்கிறாள். ஆனால் எளிதில் விழிக்காமல் இருப்பதே ஆபத்தின் ஒரு பகுதி என்று இன்று கருதப்படுகிறது. மூக்கு மெத்தையில் புதைந்தால் குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே திரும்ப இழுக்கிறது. வெளிவிடும் காற்றில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை நாம் அறிவோம். விழித்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை தப்பும். திருப்பாத குழந்தை?

வெப்பமும் இதில் சேர்கிறது. குழந்தை தன் உடற்சூட்டைத் தலை, முகத்தின் வழியே நிறைய வெளியேற்றுகிறது. குப்புறக் கிடந்து, மேலே கனத்த போர்வையும் இருந்தால் அந்த வழி அடைபடும். இதைப் பற்றி ஓர் எளிய கணக்கு. 60 கிலோ எடையுள்ள தாயையும் 3 கிலோ எடையுள்ள சிசுவையும் ஒத்த வடிவங்கள் என்று கொண்டால், ஒரு கிலோ எடைக்குக் குழந்தைக்கு இருக்கும் தோல் பரப்பு தாய்க்கு இருப்பதைப் போல 20இன் கனமூல மடங்கு, அதாவது சுமார் 2.7 மடங்கு. எனவே குளிரில் அது நம்மைவிட விரைவாகக் குளிரும். பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோல் சேர்த்து வைப்பதன் காரணம் இதுதான். ஆனால் அதற்காகச் சித்திரை வெயிலில், மின்சாரம் போன வீட்டில், குல்லாயும் கம்பளிச் சட்டையும் காலுறையும் மாட்டிவைப்பது என்ன நியாயம்? குளிர்நாட்டு நூலிலிருந்து வரிக்கு வரி எடுத்துத் தமிழில் போட்டுவிடுவதால் வரும் வினை இது. நம் ஊரில் பெரியவருக்கு எத்தனை உடுப்பு வசதியாக இருக்கிறதோ, அதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தாலே குழந்தைக்குப் போதும். கோடையில் அதுவும் வேண்டாம்.

கதிர்களின் கதை

படுக்கை ஒன்றில்தான் இப்படி நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். என் துறைக்கு அடுத்த வீட்டுக் கதை ஒன்று உண்டு. 1950களில் கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ்-கதிரால் படமெடுப்பது சாதாரணமாக நடந்தது. குழந்தை எப்படிக் கிடக்கிறது, இடுப்பெலும்பின் அகலம் போதுமா, இரட்டைப் பிள்ளைகளா என்று பார்ப்பதற்கு அது வசதி. சிறிய அளவுக் கதிரால் தீங்கு வராது என்பது அன்றைய நம்பிக்கை. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் குழந்தையை இழந்த தாய்மாரையும் நலமான குழந்தைகளின் தாய்மாரையும் ஒரே கேள்வித்தாளைக் கொண்டு விசாரித்தார். இதற்குப் பொருளுதவி செய்தது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை என்பது நாம் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. இரத்தப் புற்றுநோயால் இறந்த மனைவியின் நினைவாக தோராப்ஜி டாட்டா நிறுவியது அது. 1956இலும் 1958இலும் வெளியான முடிவு: குழந்தையை இழந்த தாய்மாரில், கர்ப்பக் காலத்தில் வயிற்றுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு.

மருத்துவ உலகம் ஏற்கவில்லை. துயரப்பட்ட தாய் பழையதைத் துருவித் துருவி நினைவுகூர்வாள், மற்றவள் மறந்திருப்பாள். ஆகவே கணக்கு கோணல் என்றார்கள். நேர்மையான ஆட்சேபம் இது. அறிவியலில் இப்படித்தான் கேட்க வேண்டும். அதற்கு விடையாக, ஹார்வர்டைச் சேர்ந்த பிரையன் மக்மாகன் தாய்மாரின் நினைவை நம்பாமல் மருத்துவமனை ஏடுகளையே புரட்டினார். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 1962இல் வெளியான அவர் முடிவில், படமெடுக்கப்பட்ட கருவில் வளர்ந்த குழந்தைகளிடையே புற்றுநோய் மரணம் சுமார் 40 சதவீதம் அதிகம். அளவு குறைந்தது, திசை மாறவில்லை. இதற்கிடையே 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர் துணைவர்களும் கேளா ஒலியால் கருவைப் பார்க்கும் முறையை வெளியிட்டிருந்தனர். அது பரவப் பரவ, வயிற்று எக்ஸ்-கதிர்ப் படம் மெல்ல விடைபெற்றது. (இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் பல் மருத்துவரிடம்கூடப் போக அஞ்ச வேண்டாம். குழந்தைப் புற்றுநோய் மிக அரியது. அரியதன் ஒன்றரை மடங்கும் அரியதே. கர்ப்பம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுவதுதான் முக்கியம்.)

மீண்டும் ஸ்பாக்கிடம் வருவோம். அவர் நூலின் குறை ஓர் அறிவுரை தவறாகப் போனது மட்டும் அன்று. எந்த நூலிலும் தவறு நேரலாம். நான் குறையாகக் காண்பது இது: அந்நூலில் எண்ணிப் பார்த்து அறிந்த செய்தியும், ஆசிரியர் யோசித்துச் சொல்லும் கருத்தும் ஒரே குரலில், ஒரே இனிமையில் வருகின்றன. அம்மை குத்திக்கொள்ளும் அறிவுரைக்குப் பின்னால் இலட்சக்கணக்கான குழந்தைகளின் கணக்கு இருக்கிறது. குப்புறப் படுக்கும் அறிவுரைக்குப் பின்னால் இருப்பது ஓர் ஊகம். படிக்கும் தாய்க்கு எது எது என்று பிரித்தறிய ஒரு வழியும் இல்லை. 'உன் அறிவை நம்பு' என்று தொடங்கிய நூல், அந்த அறிவு வேலை செய்யத் தேவையான ஒன்றைத் தரவில்லை. இங்கிலாந்து மருத்துவர் இயன் சால்மர்ஸ், தாம் இளம் மருத்துவராக இருந்தபோது அந்நூலைப் படித்துவிட்டு அதே அறிவுரையைப் பிறருக்குச் சொன்னதைப் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். மருத்துவ ஆய்வுகளை முறையாகத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் கூட்டமைப்பை 1993இல் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். மருத்துவருக்கே பிரித்தறிய இயலவில்லை என்றால் தாய் என்ன செய்வாள்?

"எங்கள் பாட்டி மல்லாத்தித்தானே தொட்டிலில் போட்டாள், அவளுக்குத் தெரிந்தது அமெரிக்காவுக்குத் தெரியவில்லையே!" என்று சிலர் இந்நேரம் மீசையை முறுக்கியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். தூளியில் கிடத்தும் நம் வழக்கத்தில் குழந்தை மல்லாந்து கிடப்பது உண்மைதான். ஹாங்காங்கில் சீனக் குடும்பங்களும் மரபாக மல்லாத்தியே கிடத்தினர். அங்கே தொட்டில் மரணம் மிக அரிது என்று 1985இல் ஒரு மருத்துவர் எழுதியதும் விழிப்புக்கு ஒரு காரணமாயிற்று. ஆனால் அதே பாட்டிதான் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்னாள். சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் நாக்கில் தடவினாள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டாள். சீம்பால் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள்களைத் தருவது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். பாட்டியும் எண்ணிப் பார்க்கவில்லை. ஸ்பாக்கும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றில் பாட்டி வென்றாள், அவ்வளவே.

இனி நம் தமிழ் நூல்கள். பேறுகாலப் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு என்ற தலைப்புகளில் கடையில் கிடைத்த சிலவற்றை வாங்கிப் படித்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பலவற்றில் முதற்பதிப்பு ஆண்டு தவிர, உள்ளே உள்ள செய்தி எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பே இல்லை. 'சத்தான உணவு', 'போதிய ஓய்வு', 'தேவையான அளவு நீர்' என்று அளவில்லாத சொற்கள் மலிந்திருக்கின்றன. இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்க என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே, குங்குமப்பூ போட்ட பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று இருக்கிறது! தோலின் நிறம் பெற்றோர் வழி வரும் மரபணுக்களின் வேலை. குங்குமப்பூ பையை மெலியச் செய்வது தவிர வேறொன்றும் செய்யாது. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வரக் கூடாது என்பதையும் ஒரு நூல் மருத்துவக் குறிப்பாகவே தருகிறது. கிரகணத்தில் நடப்பது நிழல் விழுவது. மற்ற நாளில் இல்லாத புதிய கதிர் ஒன்றும் அன்று கிளம்பிவிடுவதில்லை. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. அது கர்ப்பிணிக்கு மட்டுமன்று, அவள் கணவனுக்கும் பொருந்தும்.

அறிவுரையை எப்படி எழுதலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். போலிக் அமில மாத்திரையைப் பற்றி, 'கருவின் வளர்ச்சிக்கு நல்லது' என்று பெரும்பாலான நூல்கள் ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றன. அந்த ஒரு வரியைக் கீழ்க்கண்டவாறு எழுதினால் என்ன?

கருவின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு குழாயாக உருவாகின்றன. கரு உண்டாகிச் சுமார் 28 நாளுக்குள் அக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டுப் பிளவு போன்ற கடும் ஊனத்தோடு பிறக்கும். இத்தகைய குழந்தையை முன்பு பெற்ற 1,817 பெண்களை, பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் ஏழு நாடுகளில் 33 மையங்களில் சேர்த்து, பாதிப் பேருக்குப் போலிக் அமிலம் கொடுத்தும் மறு பாதிக்குக் கொடாமலும் பார்த்தது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். 1991இல் வெளியான முடிவில், போலிக் அமிலம் பெற்றவர்களிடம் 6 கருக்களும், பெறாதவர்களிடம் 21 கருக்களும் அக்குறையோடு இருந்தன. ஆகவே மாத்திரை வேண்டும். எப்போது? 28 நாள் என்றால், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது! எனவே குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே தொடங்க வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் இந்தப் பயனில் பெரும்பகுதி போய்விடும்.

இதில் என்ன கடினம்? எட்டாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு இது விளங்காதா? அளவும் காரணமும் கணக்கும் சேர்ந்து வந்தால், 'எப்போது தொடங்குவது' என்பது அறிவுரையாகக்கூட வர வேண்டியதில்லை, படிப்பவளே கண்டுகொள்வாள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதும் அப்படியே. வெறுமனே சொன்னால், "இந்த வெயிலில் பச்சைக் குழந்தைக்குத் தாகம் எடுக்காதா?" என்று மாமியார் கேட்பார், மருமகளிடம் விடை இராது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீரே என்ற ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். இருவரும் பேசி முடிவு காணலாம்.

ஸ்பாக்கின் நூல் பிற்காலப் பதிப்புகளில் திருத்தப்பட்டுவிட்டது. மல்லாத்திப் படுக்க வைக்கவே அது இப்போது சொல்கிறது. ஆனால் பழைய பதிப்புகள் சாகவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அவை இன்றும் கண்ணில் படுகின்றன. கிடைத்தால் வாங்குங்கள், நடைக்காகவும் கனிவுக்காகவும் அது படிக்கத் தக்கது. படித்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுக்குமுன், படுக்கையைப் பற்றிய அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பென்சிலால் எழுதிவிடுங்கள்: 'மல்லாத்திப் படுக்க வைக்கவும், தலையணை, தளர்ந்த போர்வை வேண்டாம், கெட்டியான, சமமான படுக்கை. 1992இல் மாற்றப்பட்டது.'